முப்பத்தெட்டு நொடி

கம்ப்யூட்டர்க்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது மாமியார். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டில் போய், "எங்க வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்க்காரி வந்திருக்கா, கரண்டி பிடிக்கத் தெரியாது" என்று சொல்லி வைத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. பெயர் மட்டும் போன பாடில்லை. கணவன் வேலை பார்க்கும் பஸ் பணிமனை வரைக்கும் பரவி, கடைசியில் அவளுடைய ஆபீஸிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

உண்மையில் அவள் கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. நகரத்தின் பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டைப் அடிக்கச் சேர்ந்தவள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இலவசப் பரிசோதனைத் திட்டம் வந்தது. முப்பத்தைந்து வயது தாண்டிய யார் வேண்டுமானாலும் வந்து ரத்தம் கொடுக்கலாம். முடிவு மோசமாக இருந்தால் "உடனே வந்து டாக்டரைப் பாருங்கள்" என்று வீட்டுக்குக் கடிதம் வரும். நன்றாக இருப்பவர்களுக்கு ஒன்றும் வராது. ‘கடிதம் வரவில்லை என்றால் கவலை வேண்டாம்’ என்று கவுண்டருக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு பலகையே மாட்டினார்கள். எல்லாம் சரி, கடிதங்களை யார் அடிப்பது? மூன்று டைப்பிஸ்டுகளின் தலையில் கட்டினார்கள். ஒரே வாரத்தில் மூன்று பேருக்கும் விரல் வீங்கிவிட்டது.

அப்போதுதான் இவள் பழைய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளைகளின் பட்டியல், எழுதினாள். மொத்தம் நாற்பது வரி. கம்ப்யூட்டர் தானாகவே ஃபைலைப் படித்து, தானாகவே கடிதம் அடித்தது. மேலாளர் மூக்கின் மேல் விரலை வைத்தார். அன்றைக்கு டைப் மேசையிலிருந்து எழுந்தவள்தான், மறுபடி அங்கே உட்காரவில்லை.

ஸ்கிரிப்ட் செய்த வேலை இதுதான். தினமும் காலையில் முந்தைய நாள் முடிவுகள் எல்லாம் ஒரே ஃபைலாக வந்து விழும். ஆளுக்கு ஒரு வரி, பன்னிரண்டாயிரம் வரி. ஸ்கிரிப்ட் ஒரு வரியைப் படிக்கும். அந்த ஆளின் எண்ணை எடுத்துக்கொண்டு, ஒன்பது லட்சம் பேர் இருக்கிற பதிவேட்டு ஃபைலுக்குள் போய் முதலிலிருந்து தேடி, வயதையும் முகவரியையும் கண்டுபிடித்து வரும். அந்த வயதுக்கு அந்த அளவு ஆகாது என்றால் கடிதம் அடிக்கும். அடுத்த வரிக்கு, மறுபடியும் பதிவேட்டின் முதல் பக்கத்திலிருந்து தேடல். உப்பு வாங்கி வந்து வீட்டில் வைத்துவிட்டு, சர்க்கரைக்காக மறுபடி கடைக்குப் போகிற கதைதான். ஒரு வரிக்கு ஒன்றரை நொடி. காலை ஒன்பதேகாலுக்குத் தட்டிவிட்டால் மதியம் இரண்டேகாலுக்கு முடியும். ஐந்து மணி நேரம் அது உருண்டுகொண்டிருக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து மற்ற வேலைகளைப் பார்ப்பாள்.

இந்த மெதுவைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அதில் முதல் ஆள் நாத்தனார். கணவனின் தங்கை, இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடை வைத்திருந்தாள். பேன்ட்டுக்குக் கீழ் மடிப்பு, ஜிப் மாற்றுவது, சட்டையைச் சின்னதாக்குவது என்று நாளெல்லாம் மிஷினை மிதிப்பவள். வாய் மட்டும் மிஷினைவிட வேகம். அண்ணிக்கும் அவளுக்கும் ஒத்துப்போன விஷயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் யாராலும் சொல்ல முடியாது. திரைச்சீலை நிறத்திலிருந்து தேர்தல்வரைக்கும் அண்ணி கிழக்கு என்றால் இவள் மேற்கு. ஆனாலும் ஒருநாள் பார்க்காவிட்டால் இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளாது.

போன மாதம் மேலாளர் கம்ப்யூட்டர்க்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இன்னும் இரண்டு ஊர்களின் முடிவுகளும் இனி இங்கேதான் வருமாம். பன்னிரண்டாயிரம் வரி நாற்பதாயிரம் ஆகும். கணக்குப் போட்டால் ஸ்கிரிப்டுக்குப் பதினாறு பதினேழு மணி நேரம். தபால் வண்டியோ நாலரைக்குக் கிளம்பிவிடும். வெளியே ஒரு கம்பெனியிடம் புதிதாக ஏதாவது வாங்கிவிடலாம், உங்களுக்கு வரவேற்பு மேசையில் ஒரு இடம் பார்க்கிறேன் என்று அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு வாரம் கொடுங்கள் சார் என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஒரு வாரமும் வீட்டில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் காதில் விழவில்லை. ஸ்கிரிப்டைப் பிரித்துப் போட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. பதிவேட்டை ஒரே ஒரு தடவை முழுசாகப் படித்து நினைவில் வைத்துக்கொண்டு, அப்புறம் முடிவு ஃபைலை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டால் போதும். அதற்கென்றே ‘ஆக்’ என்று ஒரு கருவி அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒன்பது வருடமாகச் சும்மா கிடந்தது. இதை ஏன் முன்னாலேயே செய்யவில்லை என்று தயவுசெய்து அவளைக் கேட்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை நோண்டக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலில் இருப்பவர்களின் முதல் பாடம்.

வெள்ளிக்கிழமை காலை, புது ஸ்கிரிப்டை முதல் தடவையாக முழு ஃபைலோடு தட்டிவிட்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். நாலு வாய் குடித்து மூடுவதற்குள் திரையில் ‘முடிந்தது’ என்று வந்து நின்றது. முப்பத்தெட்டு நொடி.

அவள் நம்பவில்லை. எங்கோ புட்டுக்கொண்டது என்றுதான் நினைத்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் கடிதங்கள் அச்சடித்த மாதிரி வரிசையாக இருந்தன, இருநூற்றுப் பன்னிரண்டு. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் வெட்கம் வந்தது. முப்பத்தெட்டு நொடி வேலைக்காக ஒன்பது வருடம், தினமும் ஐந்து மணி நேரம், ஒரு மெஷினை அடிமாடு மாதிரி அடித்திருக்கிறோமே. இது தெரிந்தால் நாத்தனார் ஆயுளுக்கும் விடமாட்டாளே என்றுகூட ஓடியது மனம்.

ஆனால் வேகமாக வந்தது சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டாமா. போன மாதத்து ஃபைல்கள் இருபத்தாறையும் புது ஸ்கிரிப்டில் ஓட்டி, பழைய ஸ்கிரிப்ட் அப்போது அடித்த கடிதங்களோடு ஒப்பிட்டாள். இருபத்தைந்து நாட்கள் அட்சரம் பிசகாமல் பொருந்தின. ஒரே ஒரு நாளில் மட்டும் புதியதில் ஒரு கடிதம் அதிகமாக இருந்தது.

புதுசுதான் தப்பு என்று அடித்துச் சொல்லியிருப்பாள். பழையது ஒன்பது வருடம் உழைத்த ஆளல்லவா. அந்த ஒரு கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது ஆள், சர்க்கரை இருக்கவேண்டியதைப்போல இரண்டு மடங்கு. கடிதம் கட்டாயம் போயிருக்க வேண்டியவர். போகவில்லை. அன்றைய முடிவு ஃபைலைத் திறந்து அவரைத் தேடினாள். ஃபைலின் கடைசி வரியில் இருந்தார்.

கடைசி வரி என்றதும் பழைய ஸ்கிரிப்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். காரணம் புரிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஃபைலில் ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும், நாம் என்டர் தட்டினால் விழுகிற குறி. லேப் மெஷின் அந்தக் குறியை வரிக்கும் வரிக்கும் நடுவில் போட்டது. கடைசி வரிக்குப் பின்னால் போடவில்லை. இவளுடைய பழைய ஸ்கிரிப்ட் குறியைப் பார்த்தால்தான் வரி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். கடைசி வரியையும் படிக்கத்தான் படித்தது. குறி இல்லாமல் ஃபைல் முடிந்துபோகவே, வேலை தீர்ந்தது என்று கையிலிருந்த வரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டது. தினமும். ஒரு நாள் தவறாமல், ஒன்பது வருடம்.

அதைவிட வயிற்றெரிச்சல் இன்னொன்று. அவள் கவனக்குறைவான ஆளே இல்லை. படித்த வரிகளும் ஃபைலில் உள்ள வரிகளும் ஒன்றா என்று கடைசியில் எண்ணிப் பார்த்து ‘சரி’ என்று சொல்ல ஸ்கிரிப்டிலேயே ஏற்பாடு செய்திருந்தாள். ஆனால் வரிகளை எண்ணுகிற அந்தக் கட்டளை வரியை எண்ணுவதில்லை, குறியைத்தான் எண்ணுகிறது. குறி ஒன்று குறைவு, எண்ணிக்கையும் ஒன்று குறைவு. தப்பு செய்தவனும் சாட்சி சொன்னவனும் ஒரே ஆள். அந்தப் பாழாய்ப்போன மெஷின் தினமும் இரண்டேகாலுக்கு ‘சரி’ என்றது. இவளும் நிம்மதியாகக் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

ஒன்பது வருடத்து ஃபைல்களும் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன, இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றிலும் கடைசி வரியை மட்டும் எடுத்து, அதில் கடிதம் போயிருக்க வேண்டியவர்களைப் பொறுக்கு என்று ஒரு சின்னக் கட்டளை எழுதினாள். பழைய முறையாக இருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு மணி நேரமாவது கிடைத்திருக்கும். இது தட்டிய விரலை எடுப்பதற்குள் பதில் சொல்லிவிட்டது. நாற்பத்தேழு பேர்.

நாற்பத்தேழு என்ற எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போதுதான், தலையில் இடி விழுந்த மாதிரி, மற்றது நினைவுக்கு வந்தது.

நகரத்தின் மற்றக் கிளைகளின் முடிவுகளுக்குப் பிறகு, ஃபைலின் அடியில் வருவது இந்தத் தலைமைக் கட்டடத்தின் முடிவுகள். அதுவும் டோக்கன் வரிசைப்படி. ஆகவே கடைசி வரி என்பது, இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நாலு மணிக்குக் கவுண்டர் மூடும்போது கடைசியாக நின்ற ஆள். அப்படிக் கடைசியாக வந்து நிற்கச் சொல்லி எத்தனை பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். ஆபீஸில் வேலை செய்பவளால் சொந்தக்காரர்களுக்குச் செய்ய முடிந்த ஒரே உபகாரம் அது. காலையில் கூட்டத்தில் போய்க் கால்கடுக்க நிற்காதீர்கள், மூன்றேமுக்காலுக்கு வாருங்கள், கடைசி ஆளாக ரத்தம் கொடுத்துவிட்டு என்னோடேயே வீட்டுக்குப் போய்விடலாம் என்பாள். புருஷனுக்குச் சொன்னாள். கூடப் பிறந்த அக்காவுக்குச் சொன்னாள். நாத்தனாருக்கும் சொன்னாள்.

பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். புருஷன் இல்லை. அக்கா இல்லை. கடைசியிலிருந்து மூன்றாவது வரியில் நாத்தனார் இருந்தாள். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. அந்த நாளின் ஃபைலையே திறந்து சரிபார்த்தாள். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்லும் அளவு, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் நாத்தனார் களைப்பாக இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாள். கால் வீங்குகிறது என்றபோது, மிஷினை மிதிக்காமல் வாயை மட்டும் ஓட்டினால் வீக்கம் வற்றிவிடும் என்று கேலி செய்தது இவள்தான். ரத்தம்தான் கொடுத்தாச்சே, கடிதம் வரவில்லை, ஒன்றும் இருக்காது என்று நாத்தனாரே சொன்னாள். ஆமாம், எங்கள் கடிதம் தப்பாது என்று இவளும் ஒத்து ஊதினாள். ஊதிய அந்த வாயை என்ன செய்தால் தகும் என்று அவளுக்குத் தோன்றியது.

பட்டியலை அச்செடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். அவர் இரண்டு தடவை கேட்டும் புரியாமல், மூன்றாவது தடவை புரிந்ததும் பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். பக்கத்து அறை டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். டாக்டரம்மா பட்டியலை ஒரே ஒரு தடவை பார்த்தார். யார் தப்பு, எப்படித் தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பத்தேழு பேரையும் இன்றைக்கே போனில் பிடிக்க வேண்டும், பழைய தேதிகளை முதலில் என்றார். அவளோ, நாற்பத்தாறு பேருக்குப் போன் போடச் சொல்லுங்கள், ஒருத்தியை நானே போய்க் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையைக்கூட எடுக்காமல் படியிறங்கினாள்.

தையல் கடை தெருமுனையில் ஒற்றை ஷட்டர் வைத்த இடம். உள்ளே தொங்கும் துணிகளுக்கு நடுவில் நாத்தனார் ஒரு கறுப்புப் பேன்ட்டை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நடுப்பகலில் அண்ணியைக் கண்டதும் ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தாள். முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். யாருக்கு என்ன, அண்ணனுக்கா என்றுதான் முதலில் கேட்டாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான்டி. உன் ரத்த முடிவு சரியில்ல. எட்டு மாசத்துக்கு முன்னாடியே சரியில்ல. லெட்டர் வந்திருக்கணும், வரல."

நாத்தனாரின் கால் மிஷினில் அப்படியே நின்றது. பேன்ட்டில் இன்னும் நாலு விரற்கடை மடிப்பு பாக்கி இருந்தது. அதைத் தைத்து முடித்து, நூலைக் கத்தரித்து, ஹேங்கரில் மாட்டினாள். பிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். சாவி பூட்டில் நுழைய மறுத்தது. அண்ணி வாங்கிப் பூட்டினாள்.

அன்றைக்கே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது. டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். "ரெண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல போயிடுச்சு. அப்பவே வந்திருந்தா மாத்திரையிலயே நிறுத்தியிருக்கலாம். இப்ப மிச்சத்தைக் காப்பாத்தத்தான் பாக்கணும்." பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத வேண்டும், வெளியே காத்திருங்கள் என்றார்.

வெளியே நடைவழியில் வரிசையாக நாற்காலிகள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் அழவில்லை. எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அண்ணியால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நான் எழுதினதுதான், கடைசி ஆளைத்தான் அது தினமும் விட்டது, கடைசியாக வந்து நில் என்று உன்னைச் சொன்னவளும் நான்தான், மற்ற நாற்பத்தாறு பேரை மெஷின் தள்ளிவிட்டது, உன்னை நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன் என்றாள். நாலு திட்டு திட்டுவாள், அடித்தால்கூடத் தேவலை என்று காத்திருந்தாள்.

நாத்தனார் சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் கடைசி ஆள் இல்ல அண்ணி."

கம்ப்யூட்டர்க்காரி திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குப் பின்னாடி ஒருத்தர் மூச்சு வாங்க ஓடி வந்தார். எனக்கு டோக்கன் குடுக்கப் போன நேரம். நீங்கதான் கடைசி ஆளா நில்லுன்னு சொன்னீங்களே. நான் நகந்துக்கிட்டு, நீங்க வாங்கிக்கங்கன்னு அவரை முன்னாடி விட்டுட்டேன். உங்க ஆபீஸ், நீங்க சொன்னா ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். உங்க பேச்சை நான் மறுபேச்சில்லாம கேட்டதே அந்த ஒரு தடவைதான்."

கூட்டத்துக்காகச் சொன்னேன், வேறு ஒரு காரணமும் இல்லை என்று சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லை.

"அவருக்கு லெட்டர் போச்சா?" என்று நாத்தனார் கேட்டாள்.

காலையில் அந்த நாளின் ஃபைலைத் திறந்தபோது கடைசி வரிக்கு மேல் வரியும் அவள் கண்ணில் பட்டிருந்தது. அறுபது வயது ஆள், அவருடைய அளவும் மோசம். மறுநாள் நாலரை வண்டியிலேயே அவருக்குக் கடிதம் போயிருந்தது. அடுத்த வாரமே வந்து மருந்து எழுதி வாங்கிக்கொண்டு போனதற்கும் பதிவு இருந்தது.

"போச்சு" என்றாள்.

"அப்பாடா" என்றாள் நாத்தனார். பிறகுதான் அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மா சீட்டோடு வெளியே வந்தபோதும் அழுகை நிற்கவில்லை. அண்ணிதான் எழுந்து போய்ச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.